மாடு தீனி எடுக்கவில்லையா? மருந்து ஊற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

இரவு போட்ட வைக்கோல் அப்படியே கிடக்கிறது. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு மாடு முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. காலைக் கறவை பாதியாகக் குறைந்து விட்டது. ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு இது சாதாரண விஷயம் அல்ல. சங்கத்துக்கு ஊற்றும் பால் நின்றால் வாரப் பட்டுவாடா நின்று விடும். மாடு வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்காது.

இந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். இஞ்சி, மிளகு, ஓமம் இவற்றை இடித்துக் கரைத்து, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எடுத்து, மாட்டின் தலையை அண்ணாத்திப் பிடித்துத் தொண்டையில் ஊற்றி விடுகிறார்கள். சில மாடுகள் இதில் தேறவும் செய்கின்றன. சில மாடுகளுக்கு அதுவே எமனாகி விடுகிறது. தீனி எடுக்காமை என்பது தனி நோய் அல்ல. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். காய்ச்சல் வந்தாலும் மாடு தின்னாது, மடி வீங்கினாலும் தின்னாது, வயிற்றுக்குள் கம்பி குத்தினாலும் தின்னாது, முதல் நாள் அளவுக்கு மீறிச் சோறு தின்றிருந்தாலும் தின்னாது. எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம் பொருந்தாது. காரணம் இன்னதாக இருக்கலாம் என்பதை விவசாயியே கால் மணி நேரத்தில் ஓரளவு ஊகித்துக் கொள்ள முடியும். மருத்துவர் வரும் வரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது அப்போதுதான் தெரியவரும்.

நேற்று என்ன தின்றது?

மாட்டைத் தொடுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களை விசாரிக்க வேண்டும். புதிய மூட்டைத் தீவனம் பிரித்தார்களா? கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததா? இதுவரை வைக்கோல் தின்ற மாட்டுக்குத் திடீரெனப் பசும்புல் வாரிப் போட்டார்களா? கட்டு அவிழ்ந்து போய் அரிசி மூட்டையிலோ நெல் குவியலிலோ வாய் வைத்ததா? தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்து நாற்றம் எடுக்கிறதா? தண்ணீர் குடிக்காத மாடு தீனியும் தின்னாது என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

மாடு கன்று ஈன்று எத்தனை நாள் ஆயிற்று என்பதும் முக்கியம். சினை பிடிக்காத பசு, 21 நாளைக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும்போது அன்று ஒரு நாள் தீனியைக் குறைப்பதும், கத்துவதும், பாலைக் குறைப்பதும் இயற்கை. அறையிலிருந்து கண்ணாடி போன்ற வழும்பு வழிந்தால் அதற்கு வேண்டியது மருந்து அல்ல, சினை ஊசி. சித்திரை, வைகாசி வெயிலில் கலப்பினப் பசுக்கள் பகல் தீனியைக் குறைத்துக் கொண்டு மூச்சு வாங்கி நிற்பதும் உண்டு. அவற்றை நிழலில் கட்டி, குளிர்ந்த தண்ணீரை எப்போதும் எட்டும்படி வைத்து, தீனியை விடியற்காலையிலும் இரவிலும் போட்டால் தின்னும்.

"திருஷ்டி பட்டு விட்டது" என்று மிளகாய் சுற்றிப் போடுவதால் மாட்டுக்குக் கேடு ஒன்றும் இல்லை. சுற்றிப் போட்டு விட்டோமே என்று இரண்டு நாள் காத்திருப்பதில்தான் கேடு இருக்கிறது.

கையை வைத்துப் பாருங்கள்

நல்ல சுகத்தோடு இருக்கும் மாடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அசை போடும். படுத்து ஓய்வெடுக்கும் மாடு அசை போடவில்லை என்றால் உள்ளே ஏதோ கோளாறு என்று கொள்ளலாம். தின்னாவிட்டாலும் அசை போடுகிற மாட்டைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது மாட்டின் இடது பக்கம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, முதுகுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. மாட்டின் பெருவயிறு அந்தத் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. கையை மடக்கி, முஷ்டியை அந்தப் பள்ளத்தில் அழுத்தி வைத்துக் கொண்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். வயிறு அலைபோல் எழும்பி வந்து கையைத் தள்ளுவது தெரியும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை தள்ளினால் பெருவயிறு வேலை செய்கிறது. ஒரு முறை மெதுவாகத் தள்ளினால் மந்தம். ஒரு முறைகூடத் தள்ளாவிட்டால் வயிறு நின்று போயிருக்கிறது. உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இந்தப் பரீட்சைக்குக் காசு செலவில்லை. சுகமாக உள்ள மாட்டில் நாலைந்து நாள் பழகிக் கொண்டால், நோயுள்ள நாளில் வித்தியாசம் கைக்கே தெரிந்து விடும்.

அந்தப் பள்ளம் நிரம்பி, முதுகுக்கு மேலேகூடப் புடைத்து, தட்டினால் மத்தளம் போல் ஓசை கேட்டால் அது உப்புசம். இதற்கு மணிக்கணக்குத்தான் அவகாசம். மாட்டைப் படுக்க விடாமல், முன்கால்கள் மேடான இடத்தில் இருக்கும்படி நிறுத்தி, வாயில் குறுக்காக ஒரு குச்சியை வைத்துக் கட்டினால் மாடு மென்று எச்சில் ஊறும். காற்றும் ஏப்பமாக வெளியேறும். மருத்துவருக்கு ஆள் அனுப்புவதை மட்டும் தள்ளிப் போடக் கூடாது.

சாணத்தையும் பார்க்க வேண்டும். கெட்டியாகிச் சளி படர்ந்திருந்தால் வயிறு மந்தப்பட்டிருக்கிறது. தண்ணீராகி, புளித்த நாற்றம் அடித்தால் கீழே சொல்லப்படும் காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

விருந்துச் சோறு

கல்யாணம், கோயில் விசேஷம், பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் தீனி எடுக்காத மாடுகள் வரிசையாக வந்து நிற்பது வழக்கம். மீந்த சோற்றையும் பாயசத்தையும் வீணாக்குவானேன் என்று அன்பாகத் தொட்டியில் கொட்டி விடுகிறார்கள். மாடும் ஆசையாகத் தின்று விடுகிறது.

மாட்டின் பெருவயிறு ஒரு பெரிய ஊறல் தொட்டி. அதில் கோடானு கோடி நுண்ணுயிர்கள் இருந்து, மனிதன் வயிற்றில் ஜீரணமாகாத வைக்கோலையும் புல்லையும் மாட்டுக்கு உணவாக மாற்றிக் கொடுக்கின்றன. இந்த நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்து பழகியவை. திடீரென்று ஏராளமான சோறு உள்ளே வந்தால், மாவுப் பொருளைத் தின்று வேகமாகப் பெருகும் வேறு வகை நுண்ணுயிர்கள் மேலோங்கி, லாக்டிக் அமிலம் என்ற கடும் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து போகின்றன. வயிறு நின்று விடுகிறது. உடம்பில் உள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்குவதால் கண்கள் குழி விழுகின்றன, மாடு தள்ளாடுகிறது, அமிலம் ரத்தத்திலும் கலக்கிறது. இவையெல்லாம் தின்ற உடனே தெரியாது. பாதி நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் தெரியவரும். கவனிக்காமல் விட்டால் இரண்டொரு நாளில் மாடு செத்துப் போகலாம். பிழைத்த மாட்டுக்கும் குளம்பில் நோய் வந்து நொண்ட ஆரம்பிப்பது உண்டு.

சோறு தின்று வயிறு நின்ற மாட்டுக்கு மோரும் புளித்தண்ணீரும் கொடுக்கிறார்கள். இது தவறு. புளிப்பினால் வந்த நோய்க்கு மேலும் புளிப்பைக் கொடுப்பதாகும். கஞ்சி, தவிடு, வெல்லம் எதுவும் வைக்கக் கூடாது. தின்றால் வைக்கோல் மட்டும் தின்னட்டும். மென்று தின்னும்போது ஊறும் எச்சிலில் இயற்கையாகவே சோடா உப்பு இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில், எழுந்து நிற்கும் மாட்டுக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நிலைமை முற்றியிருந்தால் ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். அளவுக்கு மீறித் தின்றதைக் கண்ணால் பார்த்திருந்தால், மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருந்து விடாமல், நோய் காட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லி விடுவது நல்லது.

கம்பியும் பிளாஸ்டிக்கும்

மாடு நம்மைப் போல் மென்று பார்த்து விழுங்குவதில்லை. நாக்கால் வளைத்து இழுத்து அப்படியே விழுங்கி விட்டுப் பிறகுதான் அசை போடுகிறது. அதனால் வைக்கோலில் கிடக்கும் ஆணி, சாக்கு தைத்த ஊசி, கட்டுக் கம்பித் துண்டு எல்லாம் உள்ளே போய் விடுகின்றன. கனமான இந்தப் பொருள்கள் தேனடை போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்குகின்றன. அந்த இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புத்தான் இருக்கிறது. வயிறு சுருங்கும்போது கம்பி இரைப்பையைத் துளைத்துக் கொண்டு முன்னேறினால் இதய உறையையே குத்தி விடும்.

இப்படிப்பட்ட மாட்டை அது நிற்கும் தோரணையிலிருந்தே அடையாளம் காணலாம். முதுகைக் கூனி, முன்கால் முழங்கைகளை வெளிப்பக்கம் விரித்து நிற்கும். இறக்கத்தில் இறங்கத் தயங்கும். படுக்கும்போதும் எழும்போதும் முனகும். திடீரெனத் தீனியை விட்டு, பிறகு கொஞ்சம் தின்று, மறுபடியும் விட்டு விடும். ஜீரணப் பொடி கொடுத்துக் கொடுத்து நாளைக் கடத்தினால், கடைசியில் தாடைக்குக் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்து வீங்கிய பிறகு மருத்துவரால் செய்யக் கூடியது மிகக் குறைவு. வீட்டுக் கட்டட வேலை நடக்கும்போது கம்பித் துண்டுகளை அன்றன்றே பொறுக்கி விடுவது எந்த அறுவை சிகிச்சையையும் விட மலிவானது.

பிளாஸ்டிக் பை வேறு விதமான விஷயம். அது குத்துவதில்லை, ஜீரணமாவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. வயிற்றை அடைத்துக் கொண்டு கிடக்கிறது. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2019 அக்டோபரில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அது நகரத்து மாடு. இப்போது கிராமத்துக் குப்பை மேட்டிலும் அதே பைகள்தான் கிடக்கின்றன. சோற்றையும் காய்கறிக் கழிவையும் பையில் முடிந்து எறியும் பழக்கம் இருக்கும் வரை மாடு பையோடுதான் தின்னும். துணி, எலும்பு, செருப்பு என்று கண்டதையும் கடிக்கும் மாட்டுக்கு மணிச்சத்துக் குறைவு இருக்கலாம். தீவனத்தில் நாள்தோறும் தாது உப்புக் கலவை சேர்த்து வந்தால் இந்தப் பழக்கம் குறையும்.

கன்று ஈன்ற பசு

கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் பசு தீனியை விட்டு, காதுகள் குளிர்ந்து, பின்னங்கால் தடுமாறி, பிறகு படுத்துக் கழுத்தை விலாப் பக்கம் மடக்கிக் கொண்டால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சலே தவிர உடம்பு சுடாது, சில்லிட்டுப் போகும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துத் திடீரெனக் குறைவதால் வருவது. நிறையப் பால் தரும் பசுக்களுக்கு, முக்கியமாக மூன்றாவது ஈற்றிலிருந்து அதிகமாக வருகிறது. மருத்துவர் கால்சியம் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றினால், சவம் போல் கிடந்த பசு எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். காலம் தாழ்த்தினால் இறந்து விடும். இந்தப் பசுவுக்கு விழுங்கும் சக்தி இருக்காது. வாயில் எதையும் ஊற்றவே கூடாது.

ஈன்று இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் வேறொரு நோய் வருகிறது. பசு முதலில் கலப்புத் தீவனத்தை ஒதுக்கும்; வைக்கோலை மட்டும் கொறிக்கும். நாளுக்கு நாள் இளைக்கும், பால் குறையும். வாயிலிருந்து பழம் போன்ற ஒரு இனிப்பு வாடை அடிக்கும். கீட்டோசிஸ் என்று பெயர். பாலாகப் போகிற சத்துக்கு ஈடாகத் தீனி போதாமல், உடம்பில் உள்ள கொழுப்பை அளவு மீறிக் கரைப்பதால் வருகிறது. இதற்கு வெல்லமும் சர்க்கரையும் கரைத்து ஊற்றுவதில் பெரிய பலன் இல்லை. வாய் வழியாகப் போகும் சர்க்கரையைப் பெருவயிற்று நுண்ணுயிர்களே தின்று விடும். ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேராது. குளுக்கோஸை ஊசி மூலம்தான் ஏற்ற வேண்டும்.

காய்ச்சலும் மடியும்

ஒவ்வொரு கறவை மாட்டுக்காரர் வீட்டிலும் ஒரு தர்மாமீட்டர் இருப்பது அவசியம். ஆசன வாயில் உட்சுவரைத் தொடும்படி வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரணம். நிழலில் கட்டியிருக்கும் மாட்டுக்கு 103க்கு மேல் போனால் காய்ச்சல். காய்ச்சலோடு வாயில் கொப்புளம், எச்சில் ஒழுகல், நொண்டல் இருந்தால் கோமாரி; உடம்பெங்கும் கட்டி கட்டியாகத் தடித்தால் தோல் கழலை நோய்; சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணியால் பரவும் காய்ச்சல்; கால் மாற்றி நொண்டி, உடம்பு விறைத்தால் மூன்று நாள் காய்ச்சல் என்று சந்தேகிக்கலாம். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். நான்கு காம்பிலும் முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பார்த்தால் திரி திரியாகவோ நீராகவோ வருவது தெரிந்து விடும். மடி நோய்க்கு ஒரு வேளை தாமதித்தாலும் காம்பு போய் விடக் கூடும்.

வாய்க்குள் கை விடாதீர்கள்

தின்னாமல், எச்சில் ஒழுக, தொண்டையில் ஏதோ அடைத்தது போல் நிற்கும் மாட்டைக் கண்டதும் சட்டென்று வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவது கிராமத்து வழக்கம். மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கியிருக்கலாம்தான். ஆனால் வெறிநாய்க் கடியால் நோய் கண்ட மாடும் இப்படியே நிற்கும். தண்ணீர் விழுங்க முடியாது. குரல் மாறி ஓயாமல் கத்தும். சில மாடுகள் முட்ட வரும். அதன் எச்சிலில் உள்ள கிருமி, கையில் உள்ள சிறு கீறல் வழியாக மனிதனுக்குள் போய் விடும். நோய் கண்ட பிறகு மனிதனைக் காப்பாற்ற வழியில்லை. சந்தேகம் இருந்தால் கையை விடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். தெரியாமல் கைபட்டு விட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும்.

ஊற்றுவதில் உள்ள ஆபத்து

மாட்டின் தலையை அண்ணாத்தி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது. ஊற்றிய மருந்து உணவுக் குழாய்க்குப் பதில் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். எண்ணெயும் மாவுக் கரைசலும் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. இரண்டு மூன்று நாளில் மூச்சுத் திணறி மாடு சாகும். வீட்டார் முதலில் வந்த நோயால் செத்ததாக நினைத்துக் கொள்வார்கள். ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முகத்தை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்காமல், கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக, ஒரு வாய் விழுங்கிய பிறகு மறு வாய் என்று ஊற்ற வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டு விட வேண்டும். படுத்துக் கிடக்கும் மாட்டுக்கு ஊற்றக் கூடாது.

காய்ச்சல் இல்லை, மடி நன்றாக இருக்கிறது, பெருவயிறு மெதுவாகவாவது அசைகிறது, தீவனம் மாற்றியதால் வந்த மந்தம்தான் என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் செய்யலாம். இஞ்சி, மிளகு, சீரகம், பூண்டு, வெற்றிலை இவற்றை அரைத்துச் சிறிது வெல்லமும் உப்பும் சேர்த்து உருண்டையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவி விட்டால் போதும். எச்சில் ஊறி மாடு தானே விழுங்கும். ஒரு நாளில் குணம் தெரியாவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். கொண்டு போக முடியாதவர்கள் தமிழகத்தில் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கடைசியாகச் சாணம் போட்டது எப்போது, அசை போட்டது எப்போது, எத்தனை டிகிரி, ஈன்று எத்தனை நாள், இதுவரை என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

தேறி வரும் மாடு முதலில் கேட்பது அறுகம்புல், அகத்தி போன்ற பசுந்தழைகளைத்தான். சிறு சிறு கட்டாக அடிக்கடி போட வேண்டும். தின்னாத தீனியைத் தொட்டியிலேயே புளிக்க விடாமல் எடுத்து விட வேண்டும். பட்டினி கிடந்த நாள்களில் பெருவயிற்று நுண்ணுயிர்களும் குறைந்து போயிருக்கும் என்பதால், விட்ட பாலைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்று பழைய அளவுக் கலப்புத் தீவனத்தை ஒரே நாளில் வைக்கக் கூடாது. கால் பங்கில் ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டு வரலாம். மருத்துவர் நுண்ணுயிர்க் கொல்லி மருந்து போட்டிருந்தால், எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்று அவரிடமே கேட்டுக் கொள்ள வேண்டும்.